நேத்துப் பிசின்

அது லைசன்ஸ் இல்ல தம்பி. லைசன்ஸ் அந்தா, காலண்டருக்குக் கீழ தொங்குது. நீங்க உத்து உத்துப் பாக்குறீங்களே, கண்ணாடிச் சட்டம் போட்டது, அது வேற. அதைப் பத்திச் சொல்லணும்னா கொஞ்சம் நேரமாகும். பரவால்லையா? எப்படியும் பால் இன்னும் சுண்டலை. சுண்டாத பாலை நான் கிளாஸ்ல ஊத்த மாட்டேன். உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

எந்த ஊரு? திருச்சியா. சரி, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.

என் பேரு அபுதாகிர். மதுரை தெற்குவாசல்ல ஜிகர்தண்டா பாய்னு கேட்டா நாய்கூட இங்க கூட்டியாந்து விட்டுரும். அடுப்புகிட்ட நிக்கிறது என் வீட்டுக்காரி ஜுலைகா. நான் பேசப் பேச அங்கிட்டு இருந்து நடுநடுவுல சிரிப்புச் சத்தம் மாதிரி ஒண்ணு வரும். கண்டுக்கிறாதீங்க. பால் ஆவி மூக்குல ஏறுனா அவளுக்கு அப்படித்தான் சத்தம் வரும்.

உள்ள வரும்போது வாசல்ல பலகை பாத்தீங்களா? 'நேத்துப் பிசின் இங்கு இல்லை.' நானே எழுதுனது. ஜிகர்தண்டாவுக்கு உசிரு பாலுன்னு சொல்லுவாங்க, ஐஸ்னு சொல்லுவாங்க. அதெல்லாம் தெரியாதவங்க பேச்சு. உசிரு பாதாம் பிசின்தான். காஞ்சு இருக்கும்போது கூழாங்கல்லு மாதிரி இருக்கும், கடிச்சா பல்லு போயிரும். தண்ணில போட்டு விடுங்க, மாமியார் வீட்ல ஒரு வாரம் தங்குன மாப்பிள்ளை மாதிரி உப்பிப் போயி உக்காந்திருக்கும். ஆனா அது ஒரு நாளுக்குத்தான். மறுநாள் அதே பிசினை எடுத்துப் பாருங்க, ஒரு வாடை வரும். உங்களுக்கு வராது. எனக்கு வரும். மிஞ்சுன பிசினை நான் அன்னைக்கே கொட்டிருவேன். அதுல நான் ரொம்பக் கறார். இதை மனசுல வச்சுக்கங்க, கதையே இதுலதான் இருக்கு.

நாலஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு நாளு ஒரு பொண்ணு வந்துச்சு. ஒல்லியா, கண்ணாடி போட்டு, தோள்ல ஒரு பை. ஒரு கிளாஸ் வாங்குச்சு. குடிக்கலை. பிசினை மட்டும் கரண்டில எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாக்குது. விரல்ல நசுக்கிப் பாக்குது. பையில இருந்து சின்ன பாட்டில் ஒண்ணை எடுத்து அதுல போட்டு மூடுது. தம்பி, ஆபீசர்தான்னு முடிவு பண்ணிட்டேன். ஃபுட் சேஃப்டி! ஓடிப் போயி, "மேடம், இங்க எல்லாம் சுத்தம், இந்தாங்க ஸ்பெசல் ஒண்ணு, நம்ம அன்பு"ன்னு இன்னொரு கிளாஸை நீட்டுனேன். அதையும் வாங்கி, அதுலயும் பிசினைத் தோண்டி, இன்னொரு பாட்டில்ல போட்டுருச்சு. என் அன்பு பாட்டிலுக்குள்ள போயிருச்சு.

அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொல்லுது: "பாய், நான் ஆபீசர் இல்ல. காலேஜ்ல ஆராய்ச்சி பண்றேன். பேரு பாண்டிமீனா. செக்கானூரணி."

"செக்கானூரணிக்காரிக்கு என் பிசின்ல என்னம்மா ஆராய்ச்சி?"

"புண்ணுல மருந்து வைக்கிறோம்ல பாய், அது வழிஞ்சு போயிருது, காஞ்சு போயிருது. கிருமி மறுபடி ஏறிக்குது. அதுக்குப் பதிலா தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிற ஜெல்லு ஒண்ணு செஞ்சு, அதுக்குள்ள ஆன்டிபயாட்டிக்கை ஏத்தி வச்சுட்டா, அது அவசரப்படாம, கொஞ்சங் கொஞ்சமா, நாள் கணக்கா மருந்தை விட்டுக்கிட்டே இருக்கும். உங்க பிசின் நன்னாரியைப் பிடிச்சு வச்சிருக்குல்ல, மெல்ல மெல்ல இனிப்பு இறங்குதுல்ல, அந்த மாதிரி."

அவ்வளவுதான். நான் ஆரம்பிச்சுட்டேன். எந்த மரத்துப் பிசினு நல்லது, எத்தனை தடவை அலசணும், எப்ப உப்பும், எப்ப குழையும், முப்பது வருசத்து வித்தையை ஒரே மூச்சுல கொட்டிட்டேன். பாவி, அது நோட்டுல எழுதிக்கிட்டே இருந்துச்சு. நாலஞ்சு தடவை வந்துச்சு. வர்றப்பல்லாம் பிசின் வாங்கிட்டுப் போச்சு. பெறகு ஒரு நாளு வந்து, "பாய், பாதாம் பிசின் சரிப்பட்டு வரலை. விட்டுட்டோம். இப்ப லேப்லயே வேற பொருள்ல செய்றோம்"னு சொல்லுச்சு.

நீங்க நம்புவீங்களா? நான் நம்பலை. கண்ணாடி மாதிரி இருக்கும், தொட்டா குளுகுளுன்னு இருக்கும், தண்ணி குடிச்சா உப்பும். அதுக்கு என்ன பேரு? பிசின். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டுச் செஞ்சா அது வேற பொருளாயிருமா? என் பிசினைத் தூக்கிட்டுப் போயி பேரை மாத்திக்கிருச்சு. அதான் என் வழக்கு. இன்னைக்கு வரைக்கும் அதான் என் வழக்கு.

இப்ப என் காலுக்கு வருவோம்.

எனக்குச் சுகர் கிடையாது. லேசா இருக்கு. போன தடவை பாத்தப்ப முந்நூத்தி எண்பது. தொழில் அப்படி தம்பி. ருசி பாக்காம ஊருக்கு விக்க முடியுமா? ஜுலைகா கேப்பா, "ருசி பாக்குறதுக்குக் கரண்டி போதுமே, சொம்பு எதுக்குங்க?"ன்னு. அவளுக்கு எங்க தெரியும். கரண்டில பாத்தா கரண்டி ருசிதான் தெரியும்.

சுகரு வந்தா காலு மரத்துப் போகுமாம். எனக்கு மரத்தது தெரியலை. எப்படித் தெரியும், மரத்துப் போச்சே. ஒரு நாளு கடையத் தொடச்சுக்கிட்டிருந்த ஜுலைகா, "ஏங்க, தரை பூராம் ரோஸ் மில்க் சிந்தியிருக்கு"ன்னா. நம்ம கடைல ரோஸ் மில்க் கிடையாதேன்னு பாத்தா, அடுப்புல இருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் சொட்டு சொட்டாப் போயி, நான் நிக்கிற இடத்துல வந்து நிக்கிது. செருப்பு ஆணி. வலது கால் பெருவிரலுக்கு அடில ஏறி, எத்தனை நாளா உள்ள குடியிருந்துச்சோ.

மஞ்சள் வச்சேன். காப்பித்தூள் வச்சேன். ஒருத்தர் எருக்கம்பால்னாரு, அதையும் வச்சேன். புண்ணு நல்லாச் சாப்பிட்டுப் பெருசாச்சு. கடைசில ஜுலைகா ஆட்டோவைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தி, "நீங்களா ஏறுறீங்களா, பலகாரம் மாதிரிப் பொட்டலம் கட்டவா?"ன்னா. ஏறிட்டேன்.

ஆஸ்பத்திரில கால் புண்ணுக்குன்னே ஒரு டாக்டர். சூசைமாணிக்கம்னு பேரு. மனுசன் நல்லவருதான், ஆனா சிரிப்புங்கிறதை எங்கயோ பஸ்ல விட்டுட்டு வந்தவரு. புண்ணுக்குள்ள ஒரு கம்பியை விட்டுப் பாத்தாரு. "வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"வலிக்கணும்."

கம்பியை எடுத்துத் தொடச்சாரு. "எலும்புகிட்ட வந்திருச்சு. ரெண்டு வாரம் பாப்பேன். குறையலைன்னா பெருவிரலை எடுத்துருவேன். விட்டா கால் முழுக்க ஏறும்"னுட்டாரு. தலைமுடி வெட்டுறதைச் சொல்ற மாதிரிச் சொன்னாரு.

பெருவிரல்தானேன்னு நினைப்பீங்க. அது இல்லாட்டி நடக்கிறதே கோணும், நாள் பூராம் அடுப்புகிட்ட நிக்கிறது எங்க? இன்னொண்ணு. எங்க தொழுகைல உக்காரும்போது வலது கால் பெருவிரலைத் தரையில மடக்கி ஊணித்தான் உக்காரணும். அது இல்லைன்னா பள்ளிவாசல்ல பின்னாடி போட்டிருக்காங்களே, பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான். அதுல உக்காந்திருக்கிற ஆளுங்களைப் பாத்து நான் எம்புட்டு நக்கல் பண்ணியிருக்கேன் தெரியுமா? 'வி.ஐ.பி. சீட்டு'ன்னு பேரு வச்சதே நான்தான். ஒருத்தரும் எனக்கு எந்திரிச்சு இடம் தர மாட்டாங்க. திருப்பி நக்கல் பண்ண எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.

நான் இப்படி யோசிச்சுக்கிட்டிருக்கும்போது திரையை விலக்கிக்கிட்டு யாரு வர்றது? பாண்டிமீனா! வெள்ளைக் கோட்டு. "பாய்! நீங்களா?" அதோட ஆராய்ச்சி முடிஞ்சு, இப்ப ஆளுங்க புண்ணுல வச்சுப் பாக்குறாங்களாம். நாப்பது பேரு வேணுமாம். என்னைச் சேத்துக்கிறதுக்குப் பதினோரு பக்கத்துல ஒரு காகிதம். "நல்லாப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க பாய்"னுச்சு. கல்யாணத்துக்கே நான் படிச்சுப் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டேன்.

புண்ணைக் கழுவி, தகடு மாதிரி ஒரு ஜெல்லை எடுத்து வச்சு, மேல மெல்லிசா ஒரு ஒட்டு ஒட்டுச்சு. நான் பாத்தேன். சந்தேகமே இல்ல, பிசின்.

"இது அஞ்சு நாளைக்கு இப்படியே இருக்கணும் பாய். பிரிக்கக் கூடாது, நனைக்கக் கூடாது. அஞ்சு நாளும் மருந்து உள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். அஞ்சாம் நாள் நான் பிரிச்சுப் பாத்துப் புதுசு வைப்பேன்."

"அஞ்சு நாளா?"

"அஞ்சு நாளு."

"ஊறுனதா?"

"ஆமா பாய்."

சின்னப் பொண்ணு, புதுசாத் தொழிலுக்கு வந்திருக்கு. நாலு பேரு முன்னாடி அதோட மனசை நோகடிக்க வேணாம்னு விட்டுட்டேன். ஆனா நீங்களே சொல்லுங்க தம்பி. ஊருக்கு நேத்துப் பிசினைக் குடுக்காதவன், என் கால்ல அஞ்சு நாள் பிசினை வச்சுக்கிட்டு அலையணுமாம்.

மறுநாள் காலைல கடையத் திறந்ததும் மோந்து பாத்தேன். வாடை. ஜுலைகா வர்றதுக்குள்ள ஒட்டைப் பைய உரிச்சேன், பழசைக் குப்பைல போட்டேன். அன்னைக்கு ஊறுன புதுப் பிசினை எடுத்து, ரெண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவுல வச்சு, சப்பாத்திக் கட்டையால பரத்தி, அதே அளவுக்கு வெட்டி வச்சு, ஒட்டைத் திரும்ப ஒட்டிட்டேன். அச்சு அசல். செஞ்சவளே வந்து பாத்தாலும் தெரியாது. மருந்து இல்லாமப் பிசின் எதுக்குன்னு கேப்பீங்க. நான் என்ன கூமுட்டையா? போன வருசம் காய்ச்சலுக்குக் குடுத்த மாத்திரை வீட்ல ஒரு அட்டை மிச்சம் இருந்துச்சு. அதைப் பொடி பண்ணித் தூவிட்டேன். மாத்திரைன்னா மாத்திரைதானே. தினமும் காலைல இதான் வேலை. புதுப் பிசின், புதுப் பொடி.

அஞ்சாம் நாளு போனேன். பொண்ணு பிரிச்சுப் பாத்துச்சு. சின்னதா ஒரு ஸ்கேல் வச்சு அளந்துச்சு. திரும்ப அளந்துச்சு. மூஞ்சி விழுந்து போச்சு. "குறையலையே பாய். கொஞ்சம் கூடியிருக்கு." ஜெல்லை எடுத்து பாட்டில்ல போட்டுக்கிச்சு, மிச்சம் எம்புட்டு மருந்து இருக்குன்னு லேப்ல பாக்கணுமாம். ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்ணுது: "பாய், உங்க ஜெல்ல மட்டும் மருந்து சொட்டுக்கூட இல்ல. அத்தனையும் இறங்கியிருக்கு. ஆனா புண்ணு ஆறலை. எங்க தப்பு பண்ணுனேன்னு தெரியலை." பாவம்.

எனக்கு மனசு கேக்கலை. "கவலைப்படாத தாயி. புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான். பழகப் பழக வரும்"னு ஆறுதல் சொன்னேன்.

என்ன ஜுலைகா? ஒண்ணுமில்லையா. சரி. ஆவி ஏறியிருக்கும்.

அந்த நாப்பது பேர்ல மொக்கராசுன்னு ஒரு ஆளு. பூ மார்க்கெட்ல மாலை கட்டுறவரு. எனக்குப் பக்கத்து பெஞ்சு. எனக்கும் அவருக்கும் ஒரே நாள் கட்டு. அவருக்கு முதல் அஞ்சு நாள்லயே புண்ணு பாதியாச்சு. அந்த வாயி இருக்கே தம்பி! "என்ன பாய், நான் கடையைச் சாத்திட்டேன், உங்க கால்ல இன்னும் யாவாரம் நடக்குது போல?" எனக்கு எப்படி இருக்கும்? நான் சொன்னேன், "உங்களுது சின்ன ஊரு புண்ணு மொக்கராசு. இது மதுரைப் புண்ணு"ன்னேன். அவரும் மதுரைதான். இருந்தாலும் சொன்னேன்.

பத்தாம் நாளு. ரெண்டாவது தடவை பிரிக்கிற நாளு. டாக்டர் சொன்ன ரெண்டு வாரத்துல நாலு நாள்தான் பாக்கி. பெஞ்சுல நானு, எனக்கு இந்தப் பக்கம் ஜுலைகா, அந்தப் பக்கம் மொக்கராசு. அரை மணி நேரமா உக்காந்திருக்கோம். மொக்கராசு திடீர்னு, "பாய், அசையாதீங்க. உங்களுக்கு ஊர்வலம் வருது"ன்னாரு.

குனிஞ்சு பாத்தா, சுவத்து ஓட்டைல இருந்து எறும்பு. ஒண்ணு ரெண்டு இல்ல. வரிசை. மொக்கராசு காலைச் சுத்திக்கிட்டு வருது, ஜுலைகா செருப்பை ஏறி இறங்குது, வேற எந்த நோயாளியையும் சட்டை பண்ணலை, நேரா என் கட்டுக்குள்ள போகுது. எனக்குக் கடிக்கிறதே தெரியலை. மரத்த காலு. அதுங்க பாட்டுக்கு உள்ள விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்குதுக.

பாண்டிமீனா ஓடி வந்துச்சு. முட்டி போட்டு உக்காந்து ஒட்டை உரிச்சுச்சு. பிசினைத் தொட்டுச்சு. விரலை மூக்குகிட்ட கொண்டு போச்சு. அப்படியே என்னை ஏறிட்டுப் பாத்துச்சு.

"பாய். இது நன்னாரி."

கடைல பிசினை ஊற வைக்கிற சட்டியும் சர்பத்துக் கரண்டியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும் தம்பி. கரண்டி உள்ள விழும், எந்திரிக்கும். கடைப் பிசின்னா கொஞ்சம் நன்னாரி இருக்கத்தான் செய்யும்.

"யாரு பிசின் பாய் இது?"

"என்னுது தாயி. புதுசு. இன்னைக்குக் காலைல ஊறுனது."

"நான் வச்சது?"

"அது நேத்துப் பிசின்."

அந்தப் பொண்ணு தரைலயே உக்காந்திருச்சு. வெள்ளைக் கோட்டோட, எறும்புக்கு நடுவுல. அழுகுதா சிரிக்குதான்னே தெரியலை. "எத்தனை நாளா?"ன்னுச்சு. "ரெண்டாம் நாள்ல இருந்து. ஒரு நாள்கூட விடலை"ன்னேன். விடலைங்கிறதை அழுத்திச் சொன்னேன், அக்கறை இல்லாத ஆளுன்னு நினைச்சுறக் கூடாதுல்ல.

சூசைமாணிக்கம் டாக்டர் வந்தாரு. விசயத்தைக் கேட்டாரு. பத்து வருசமாச் சிரிக்காத மனுசன் கொஞ்ச நேரம் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. தோள் மட்டும் குலுங்குச்சு. திரும்புனப்ப மூஞ்சி பழையபடி ஆயிருச்சு. "பாய், முப்பது வருச சர்வீஸ்ல சுகர் புண்ணுல சர்பத் ஊத்துன ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். போதும். நாளைக்கு அட்மிட் ஆகுங்க. விரலை எடுத்துரலாம்."

மொக்கராசுகூட வாயை மூடிக்கிட்டாரு. அப்பத்தான் தம்பி எனக்கு உறைச்சுச்சு. அந்த ஆளே பேசலைன்னா நிலமை மோசம்.

ஜுலைகா எந்திரிச்சா. டாக்டர்கிட்ட போயி, "அய்யா, உங்க மருந்து இவருக்கு இன்னும் போய்ச் சேரவே இல்லையே. சேராத மருந்தைக் கேக்கலைன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"ன்னா.

டாக்டர் பாண்டிமீனாவைப் பாத்தாரு. அது தரைல இருந்து எந்திரிச்சு, கோட்டைத் தட்டிவிட்டுக்கிட்டு, "சார், பாயை ஆராய்ச்சில இருந்து எடுத்துத்தான் ஆகணும். ஆனா அந்தம்மா சொல்றது சரி சார். சும்மா ஒரு நோயாளியா நினைச்சு ஒரு தடவை வச்சுப் பாப்போம்"னுச்சு. அதோட பத்து நாள் உழைப்பைக் குப்பைல போட்டவனுக்கு அது சிபாரிசு பண்ணுது. எனக்கு அன்னைக்கு அது புரியலை. என் பிசினை என்கிட்டயே திருப்பி விக்கப் பாக்குதுன்னுதான் நினைச்சேன்.

"அஞ்சு நாளு"ன்னாரு டாக்டர். "அஞ்சாம் நாளு குறைஞ்சிருக்கணும். இல்லைன்னா பேச்சே கிடையாது. யாரு பொறுப்பு?"

"நானு"ன்னா ஜுலைகா.

பொண்ணு புது ஜெல்லை வச்சு ஒட்டி அனுப்புச்சு. வீட்டுக்குப் போனதும் ஜுலைகா என்ன பண்ணுனா தெரியுமா? கடைல டப்பாவுக்குப் பேரு எழுதுற மார்க்கர் பேனாவை எடுத்தா. என் காலைத் தூக்கி மடில வச்சுக்கிட்டா. ஒட்டு மேல பாதி, தோல் மேல பாதியா, கட்டைச் சுத்தி எழுதுனா. எழுத்து ஒவ்வொண்ணும் ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கு. பிரிச்சா எழுத்து உடைஞ்சு போகும், திரும்ப ஒட்ட வச்சாச் சேராது. அவ எழுத்து வேற ஒரு தினுசா இருக்கும், நம்ம யாரும் பாத்து எழுத முடியாது. என்ன எழுதுனான்னு காலைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன்.

'நேத்துப் பிசின் இங்கு உண்டு. தொடாதே.'

முப்பது வருசமா என் பலகையைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா, சண்டாளி.

கடைக்கு அவதான் போனா. நான் வீட்ல, காலைத் தலகாணி மேல வச்சுக்கிட்டு. ரெண்டாம் நாளு எனக்கு வாடை வந்துச்சு. மூணாம் நாளு வந்துச்சு. கை தானாப் போகும். போயி அந்த எழுத்துகிட்ட நிக்கும். நான் ஒட்டைத் தடவிக்கிட்டே உக்காந்திருப்பேன், பூட்டுன கடை வாசல்ல நிக்கிற ஆளு மாதிரி. மூணாம் நாளு சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துல ஜுலைகா வந்தா. தொழுதா. கையேந்தி வாய்விட்டுக் கேக்குறா: "யா அல்லாஹ், இவரோட வலது கால், பெருவிரல், அடிப்பக்கம்." விலாசம் சொல்ற மாதிரிச் சொல்றா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"ஏண்டி, எந்தக் காலுன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்குள்ள நீங்க மாத்தி வச்சிருவீங்களே"ன்னா.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா துப்பட்டா நுனியால கண்ணைத் தொடச்சா. அதுக்கு அப்புறம் நான் கையை அங்கிட்டுக் கொண்டு போகலை தம்பி. மோந்துகூடப் பாக்கலை. அது வேற விசயம்.

அஞ்சாம் நாளு. டாக்டர், பாண்டிமீனா, ஜுலைகா மூணு பேரும் என் காலைச் சுத்தி நிக்கிறாங்க. மொக்கராசு வேற, அவருக்கு ஆறிப் போச்சு, அன்னைக்கு வேலையே இல்ல, பாக்குறதுக்குன்னு மாலையைக் கட்டிப் போட்டுட்டு வந்திருக்காரு. பொண்ணு எழுத்தைப் பாத்துச்சு. ஒண்ணும் உடையலை. உரிச்சுச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

ஸ்கேல் தோல்ல படுற மாதிரி இருந்துச்சு. ஆமா தம்பி, பட்ட மாதிரி இருந்துச்சு. லேசா.

"பாய், புதுச் சதை செவப்பா வந்திருச்சு பாய். நல்ல செவப்பு. அளவும் குறைஞ்சிருக்கு"ன்னுச்சு பொண்ணு. டாக்டர் அந்தக் கம்பியை எடுத்து விட்டாரு. "யம்மா!"ன்னு நான் கத்துன கத்துல நர்சம்மா ஓடி வந்தாங்க.

"வலிக்குதா?"ன்னாரு.

"வலிக்குதுய்யா!"

"வலிக்கணும்"னாரு. அன்னைக்கு அந்த மனுசன் சிரிச்சாரு. பல்லு வரிசை நல்லா இருக்கும் அவருக்கு. மறைச்சே வச்சிருந்திருக்காரு.

அப்புறம் ஆறு தடவை மாத்திக் கட்டுனாங்க. ஆறு தடவையும் ஜுலைகா எழுத்து. மூடிருச்சு. நான் என்ன சொல்றேன்னா, முதல் பத்து நாளு நான் வச்ச பிசின் உள்ளுக்குள்ள வேலையைப் பாத்து வச்சிருக்கு. கடைசில வந்த பிசின் பேரை வாங்கிருச்சு. பாண்டிமீனாகிட்டயே சொன்னேன். "சரி பாய்"னுச்சு. சண்டை போடக்கூடத் தெம்பில்ல அதுக்கு.

இப்ப அந்தச் சட்டத்துக்கு வருவோம். அந்த ஆராய்ச்சி இங்கிலீசுப் புஸ்தகத்துல வந்திருச்சு. போன மாசம் அந்தப் பொண்ணே கொண்டாந்து குடுத்துச்சு. நான் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டுட்டேன். செவப்புக் கோடு போட்டிருக்கேன்ல, அந்த வரிதான். நாப்பது பேரு தம்பி! முப்பத்தொம்போது பேரையும் ஒட்டுமொத்தமா ஒரே மூட்டையாக் கட்டி எழுதியிருக்கு. ஒரே ஒருத்தருக்கு மட்டும் தனி வரி. மொக்கராசு வந்து பக்கம் பூராம் தன் பேரைத் தேடிட்டுப் போனாரு. அவரு அந்த முப்பத்தொம்போதுல எங்க கிடக்காருன்னு அவருக்கே தெரியாது. நீங்க படிச்சவங்க, சத்தமாப் படிங்க.

என்ன தம்பி, நிறுத்திட்டீங்க? தொண்டை கட்டிருச்சா?

அந்தா, கேட்டீங்களா அடுப்புகிட்ட? "தயங்காமச் சொல்லுங்க தம்பி, பேச்சைக் கேக்காததால வெளியேத்தப்பட்ட ஆளுன்னு எழுதியிருக்கு"ங்கிறா. வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையே சொல்றது.

தெரியும் தம்பி. குடுக்கும்போதே அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்லிருச்சு. "பாய், உங்களைக் கணக்குல இருந்து எடுக்க வேண்டியதாப் போச்சு. மனசுல வச்சுக்காதீங்க"ன்னுச்சு. நான் செருப்பைக் கழட்டுனேன். இந்தா, இப்ப கழட்டுறேன் பாருங்க, இப்படித்தான். எண்ணுங்க. அஞ்சு இருக்கா? மடங்குதா? நேத்து வெள்ளிக்கிழமை பள்ளில முதல் வரிசை, தரையில உக்காந்தேன். நாற்காலிக்காரங்க எல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க.

"என்னையத்தானே தாயி எடுத்தீங்க, இதை எடுக்கலையே"ன்னு விரலைக் காட்டி அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். சிரிச்சுருச்சு.

எல்லாம் சரி. அந்தப் பிசின் யாருதுன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்க மாட்டேங்குது தம்பி. இந்தாங்க, பால் சுண்டிருச்சு. பிசினைக் கடிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.